மூணாந்தெரு திக்கிய எட்டு மாசம்

நெசவாளர் காலனி மூணாந்தெரு முதன்முதலாகத் திக்கியது ஒரு பங்குனி மாசத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். அதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் தபால்காரர் அருளானந்தம்தான், ஏனென்றால் அவர் ஒருவர்தான் அப்போது தெருவுக்கு வெளியே, முனையில் இருக்கிற கரண்டுக் கம்பத்தடியில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். குருவம்மா குடத்திலிருந்து அண்டாவுக்குச் சாய்த்த தண்ணீர் பாதி வழியில் நிற்க, மருமகளைத் திட்டிக்கொண்டிருந்த அவள் வாய் திறந்தபடி நிற்க, பேண்டேஜ் துணி நெய்கிற பதினெட்டுத் தறியும் ஒரே சமயத்தில் சத்தத்தை விழுங்கிக்கொண்டு நிற்க, ஓட்டுக்கூரைக்கு மேலே ஒரு காக்கை ஆணியடித்தாற்போல நிற்க, இரண்டு விநாடி கழித்து எல்லாம் விட்ட இடத்திலிருந்து கிளம்பியது. அருளானந்தம் கண்ணைக் கசக்கினார், காலையில் சுகர் மாத்திரை போட்டோமா என்று யோசித்தார், தபாலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

தெருவுக்குள் இருந்தவர்களுக்கு ஒரு குலுக்கல் மட்டும்தான் தெரிந்தது, டவுன்பஸ் பிரேக் போட்ட மாதிரி. செண்பகவல்லிக்கு மட்டும் அந்தக் குலுக்கலோடு ஒரு குரலும் கேட்டது. "ச்சை, திக்குது பாரு" என்று உள்ளறையில் அவள் புருஷன் சோலையப்பன் சலித்துக்கொண்டான்.

சோலையப்பன் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டினவன். இதயம் வீங்கிப்போய், மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டுகிற நிலைமைக்கு வந்தபோது, பெரியாஸ்பத்திரி டாக்டர் அவனிடம் இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார், செண்பகத்தைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு மாசம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மாசம் என்றார். ஸ்டியரிங்கைத் தொடாமல் அவன் அதற்கு முன்னாலேயே செத்துப்போவான் என்று தெரிந்த லாரிச் சேக்காளிகள், ஏலத்தில் எடுத்த ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைச் சொருகி, அதோடு ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங்கையும் மாட்டி, லாரி ஓட்டுகிற கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவன் உட்கார்ந்த இடத்திலேயே பதினாறு சக்கர லாரியில் பனி கொட்டுகிற தேசங்களுக்கெல்லாம் லோடு அடித்தான். எந்தச் செக்போஸ்ட்டிலும் யாருக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை என்பதில் அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

திரையில் லாரி திக்கும்போதெல்லாம் தெரு திக்குகிறது என்பதைச் செண்பகம் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள், ஆனால் வெளியே மூச்சு விடவில்லை. மூணாவது வாரம் ஒரு மத்தியானம் கரண்டு போய், கம்ப்யூட்டர் அணைந்து, தெரு மொத்தமும் நாற்பது நிமிஷம் நின்றுபோனது. தபாலோடு வந்த அருளானந்தம் தெரியாமல் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார், உள்ளே வைத்த கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல் கரண்டு வந்து கம்ப்யூட்டர் தானாக எழுகிற வரைக்கும் அங்கேயே நின்றது, வெளியே இருந்த மனுஷன் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மணி கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எதையும் யாரும் மறைக்க முடியாமல் போனது.

ஏன் இப்படி என்று தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை. குழாயில் எட்டு நாளைக்கொரு தரம் தண்ணீர் வருகிறது, அது ஏன் என்று யார் கேட்டார்கள்? என்ன ஏற்பாடு செய்யலாம் என்றுதான் கேட்டார்கள். தெருச் சங்கத்துத் தலைவர் சிங்கராஜா, மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு லாரி பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும் வாங்கி வைத்து, கம்ப்யூட்டரை யாரும் அணைத்துவிடாதபடிக்குக் காவல் முறை போட்டார். மூணாந்தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பத்து நிமிஷம் தாமதம் அனுமதித்தார்கள், மூணாந்தெருக்காரர் கல்யாணங்களில் முகூர்த்தத்தை அரை மணி முன்னால் குறித்தார்கள், தறி திக்கும்போது தறிக்காரனும் சேர்ந்தே திக்கியதால் ஒரு இழைகூட அறுபடவில்லை, மாமியார் மருமகள் சண்டை நடுவில் நின்று மறுபடி கிளம்பும்போது பாதி நாள் யார் முறை என்பது மறந்துபோய் இருவரும் அடுப்படிக்குத் திரும்பினார்கள், ஆடிப் பதினெட்டுக்குக் கீபோர்டுக்குச் சந்தனம் வைத்து, பிளாஸ்டிக் ஸ்டியரிங்குக்கு மாலை போட்டு, பொரிகடலை படைத்தார்கள்.

திக்கலோடு விட்டிருந்தால் அப்படியே ஓட்டியிருப்பார்கள். ஆவணி மாசம் அந்த கேம் யாரையும் கேட்காமல் தனக்குத்தானே ஒரு அப்டேட் போட்டுக்கொண்டது, மறுநாள் காலையில் தெருவின் மேற்குக் கோடியில் நிற்கிற மலையைக் காணோம். மலை இருந்த இடத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெறுமை. அப்புறம் நிழல்கள் போயின. அப்புறம் ஒரு முழத்துக்கு அந்தாண்டை நிற்கிறவர் முகம் மசங்கி, கண் எது வாய் எது என்று தெரியாமல் போனது. புதிதாகத் தெருவுக்குள் வருகிற எந்தச் சாமானும் முதலில் வெள்ளையாகத்தான் தெரிந்தது, சாவகாசமாக அப்புறம் நிறம் வந்து ஒட்டியது, சிலதுக்குக் கடைசி வரை ஒட்டவே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் முகம் வருகிற வரைக்கும் இரண்டு காப்பி குடித்தார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிற பீர் முகமதுவைச் சங்கம் கூப்பிட்டு அனுப்பியது. அவர் வந்தார், பெட்டியைத் திறக்காமலே மேலும் கீழும் பார்த்தார், நடுவில் நாலு தரம் திக்கினார்.

"உள்ள ரெண்டு பேரு வேலை பாக்குறாங்கன்னு வச்சுக்கங்க அண்ணாச்சி. பிராசசர் கணக்குப் போடுறவன். யாரு எங்க நிக்கணும், எந்தச் சக்கரம் எத்தனை சுத்து சுத்தணும், எல்லாம் அவன் கணக்கு. கிராபிக்ஸ் கார்டு படம் வரையுறவன். கணக்கு வரத் தாமசமானா திக்கும். வரையுறவனுக்குத் தெம்பு இல்லைன்னா மசங்கும். இந்தப் பெட்டியில ரெண்டு பேருக்குமே வயசாயிருச்சு."

"அப்ப ரெண்டு பேரையும் மாத்திர வேண்டியதுதானே?" என்றார் சிங்கராஜா.

"கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற டப்பா தாங்காது. புதுசா ஒருத்தனுக்குத்தான் அது சோறு போடும். இந்த மாடலுக்கு வேற டப்பாவும் பொருந்தாது. பெட்டியவே மாத்துனா அது வேற கம்ப்யூட்டரு. வேற கம்ப்யூட்டருக்குள்ள உங்க தெரு இருக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

அன்றிலிருந்து மூணாந்தெரு இரண்டாகப் பிரிந்தது. பிராசசர் கட்சி, கார்டு கட்சி. பொண்டாட்டி பிராசசர், புருஷன் கார்டு என்று ஒரே வீட்டில் இரண்டு உலை வைத்தவர்களும் உண்டு. ஆனால் எல்லாருடைய பேச்சும் கடைசியில் எதிரெதிராக இருந்த இரண்டு வீடுகளில்தான் வந்து முட்டியது.

ஒன்று செண்பகத்தின் வீடு. டாக்டர் ஒரு மாசம் என்று சொன்னது பங்குனியில். இப்போது கார்த்திகை. சோலையப்பன் இருக்கிறான், லாரி ஓட்டுகிறான், இரண்டு இட்லி சாப்பிடுகிறான். தெருமுனையைத் தாண்டினால் மூச்சு வாங்குகிறது, தெருவுக்குள் வந்தால் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு திக்கலுக்கும் தெருவோடு சேர்ந்து அவன் இதயமும் நின்று, இளைப்பாறி, மறுபடி கிளம்புகிறது, அந்த இளைப்பாறல்தான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது என்று செண்பகம் நம்பினாள். எட்டு மாசமாக அவள் விடியுமுன் இருட்டில் கண் விழித்ததும் முதல் வேலையாக அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். புதுப் பிராசசர் வந்தால் திக்கல் போய்விடும். திக்கல் போனால் இவரும் போய்விடுவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று எதிர்வீடு. குருவம்மாவின் மருமகள் முத்துச்செல்விக்கு ஆடியிலேயே பிள்ளை பிறந்திருக்க வேண்டும். இது பதினாலாம் மாசம். வலி கிளம்பும், திக்கும், போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கம்பத்தைத் தாண்டிய மறு நிமிஷமே வயிற்றுக்குள் பிள்ளையின் துடிப்பு நின்றுவிட்டது, அலறிக்கொண்டு திரும்பித் தெருவுக்குள் ஓடிவந்த பிறகுதான் மறுபடி துடித்தது. தெருவில் உண்டான பிள்ளைக்குத் தெருவின் நேரம்தான் தெரிந்தது. வாரா வாரம் வருகிற நர்சம்மா போன வாரம் குழலை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, "புள்ளை களைச்சுப் போச்சு. மார்கழி தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள். குருவம்மா அதற்கப்புறம் யாரையும் திட்டவில்லை, அது தெருவையே பயமுறுத்தியது.

செண்பகமும் குருவம்மாவும் இருபது வருஷமாக உப்பு, புளி மாற்றிக்கொண்டவர்கள். இப்போது வாசல் தெளிக்கும்போது ஒருத்தி குனிந்தால் மற்றவள் நிமிர்வதில்லை.

கார்த்திகை இரண்டாம் வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளை வந்தால் பிராசசர், சிவப்பு வந்தால் கார்டு. பூசாரி வெள்ளரளியையும் செவ்வரளியையும் கம்பத்துக்கு வெளியிலேயே பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து அம்மன் காலடியில் வைத்து, தெருவிலேயே சின்ன ஆளான ஒரு மூணு வயசுப் பெண்ணை எடுக்கச் சொன்னார். அந்தப் பிஞ்சுக் கை பொட்டலத்துக்கு மேலே போனபோது தெரு திக்கியது. செண்பகம் குலுக்கலை உணர்ந்தாள், கையைப் பார்த்தாள், கை ஒரு பொட்டலத்தை எடுத்துவிட்டிருந்தது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிடுவது அந்தக் கோயில் முறை, பூசாரி போட்டுவிட்டு வந்து எடுத்த பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை. நிறம் வந்து ஒட்டுகிறதா பார்ப்போம் என்று அரை மணி நேரம் ஊரே பூவைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளையாகவே இருந்தது.

"அம்மா சொல்லிட்டா" என்றார் சிங்கராஜா. குருவம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பெட்டியைக் கொண்டுபோக ஒரு ஆள் வேண்டும். தெருவுக்குள் அதை அணைத்தால் அணைத்த கையும் நின்றுபோகும், ஆகையால் பேட்டரியோடு ஓடவிட்டபடியே தள்ளுவண்டியில் வைத்துக் கம்பத்தைத் தாண்டி, அதற்கப்புறம்தான் அணைக்க வேண்டும். வெளியே போகிறவர் கையில் தெரு மொத்தமும் இருக்கும். யார் போவது என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், முகம்தான் தெரியவில்லை.

"அவளே போகட்டும்" என்றாள் குருவம்மா. "வேற யாரு போனாலும் சோலையப்பன் அண்ணனை நாங்க கொன்னுட்டோம்னு ஆகும். மதினி, நீ போ. உன்னைய நம்புறேன்."

அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக அவள் நாலு அறை விட்டிருக்கலாம் என்று செண்பகத்துக்கு இருந்தது. பூசாரி பூவை அவள் கொண்டையில் செருகிவிட்டார். வீட்டில் சோலையப்பன் லாரியைத் திரையில் ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"தெரு சொன்னதை வாங்கிட்டு வா" என்றான்.

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணுறதை எல்லாம் பேசினா வண்டி ஓட்ட முடியாது, செம்பகம். கெளம்பு." அவள் இரண்டு எட்டுத் தள்ளி நின்றதால் அவன் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் வண்டியைத் தள்ளினாள். முனை வரை பின்னாலேயே வந்த தெரு, கம்பத்துக்கு இந்தப் பக்கமே நின்றது. வெளியே வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுவிட்சை அமுக்கினாள். தறிச் சத்தம் அறுந்தது. திரும்பிப் பார்த்தாள், அறுபது வீட்டு ஜனமும் மசங்கிய முகத்தோடு அவளைப் பார்த்தபடி நின்றது. அவள் வண்டியை வேகமாகத் தள்ளினாள்.

பீர் முகமது கடை வாசலில் இறங்கி வந்து பெட்டியைத் தூக்கினார். "என்னக்கா, செவ்வரளி வச்சிருக்கீங்க? விசேஷமா?"

செண்பகம் கொண்டையில் கை வைத்தாள். பூவை எடுத்துப் பார்த்தாள். வெயிலில் ரத்தச் சிவப்பாக இருந்தது. தெருவுக்குள் நிறம் ஒட்டாமலே போன பூ அது, அறுபது வீட்டில் ஒருத்தருக்கும் அரை மணிக்கு மேல் காத்திருக்கத் தோன்றவில்லை, எல்லாரும் வெள்ளை என்று நினைத்துவிட்டார்கள். அடி தாயே, என் பக்கமா நின்னே, என் தாலியையா பாத்தே என்று நடுரோடு என்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள், அழுதபடியே பூவை மறுபடி கொண்டையில் செருகினாள்.

"கிராபிக்ஸ் கார்டு போடுங்க தம்பி."

பீர் முகமது பெட்டியைக் கீழே வைத்தார். "சிங்கராஜா அண்ணாச்சி பிராசசர்னு போன் பண்ணாகளே."

"அம்மன் சிவப்புல்ல குடுத்திருக்கா. கார்டு புதுசானா கணக்குப் போடுறவனுக்கும் பாரம் கொறையும்ல? கொஞ்சமாச்சும் கொறையும்ல?"

"துளி கொறையும்க்கா. திக்கல் போகாது."

துளி என்ற சொல்லை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். முத்துச்செல்விக்கு அந்தத் துளி போதும் என்று தனக்குத்தானே சொன்னாள், போகும் வழியெல்லாம் சொன்னாள், அது பொய் என்று தெரிந்தே சொன்னாள்.

கம்பத்துக்கு வெளியே நின்று பேட்டரியை இணைத்துச் சுவிட்சைப் போட்டதும், மூணாந்தெரு ஒரு குலுக்கலோடு எழுந்தது, எழுந்த தெரு நாலு மாசமாக யாரும் பார்க்காத தெருவாக இருந்தது. சுவரில் காய்ந்த வரட்டியில் ஐந்து விரலும் தெரிந்தது, நெய்து காயப்போட்ட பேண்டேஜ் துணியின் வெள்ளையில் நீலம் ஓடுவது தெரிந்தது, மேற்கே மலை வந்து நின்றது, மலையில் மரம் மரமாக எண்ணலாம் போலிருந்தது, எல்லார் காலடியிலும் நிழல் வந்து படுத்தது. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். நாலு மாசமாகக் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்த புருஷன் பெண்டாட்டிகள் ஒருவர் கன்னத்தை ஒருவர் தொட்டுப் பார்த்தார்கள், ஒரு ஆள் தன் நரையைப் பார்த்து, "எப்படா இது?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு நடுவில் தெரு திக்கியது. திக்கி முடிந்ததும் குருவம்மா மட்டும் சிரிக்காமல் நின்றாள்.

வண்டியைத் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வந்த செண்பகம் அவளைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் நின்ற சோலையப்பனைப் பார்த்தாள். உதடு நாவல்பழம் தின்றவன் மாதிரி நீலம் பாரித்திருந்தது. கழுத்து நரம்பு கயிறாக எழும்பியிருந்தது. கண்ணைச் சுற்றிக் கருப்பு, கண்ணுக்குள்ளே ஒரு பயம். அவள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"என்னங்க இது? எத்தனை நாளா இப்படி?"

"மலை போனதுல இருந்து இப்படித்தான். நீ கிட்ட வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவேன். இன்னைக்குத்தான் நீ பாக்குறே."

"திக்குறப்ப நெஞ்சு இளைப்பாறுதுன்னு இருந்தேனே."

அவன் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டான். சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. "உங்களுக்கெல்லாம் குலுக்கல்தான் தெரியும், நிக்குறது தெரியாது. எனக்குத் தெரியும் செம்பகம். வலி வந்த எடத்துல அப்படியே நிக்குது. நெஞ்சுல ஆணிய எறக்குறப்ப தெரு நின்னா, ஆணி எறங்கிக்கிட்டே நிக்குது. நாளைக்கு இருநூறு தரம்."

"ஏன் சொல்லல? பாவி மனுசா, ஏன் சொல்லல?"

"தெனம் காலையில மூக்குல வெரல வச்சுப் பாத்துட்டு நீ ஒரு மூச்சு விடுவே பாரு. அதைக் கேட்டுட்டு எப்படிச் சொல்ல?"

செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள். எட்டு மாசமாக அவனை உயிரோடு வைத்திருக்கிறோம் என்று நினைத்தாளே, எட்டு மாசமாக அவனை அந்த ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். திரும்பினாள். எதிர்வீட்டு வாசலில் முத்துச்செல்வி வயிற்றை இரண்டு கையாலும் தாங்கியபடி நின்றாள், இருபத்தைந்து வயசுப் பெண்ணின் முகம் நாற்பதாகிப் போயிருந்தது, பார்வை செண்பகத்தின் மேலேயே இருந்தது. அதில் கோபம் இல்லை, கோபப்படவும் அவளுக்குத் தெம்பு இல்லை.

செண்பகம் நடுத்தெருவுக்கு வந்தாள். "நான் கார்டு வாங்கிட்டு வந்துட்டேன். தெரிஞ்சேதான் வாங்கினேன். மறுபடி போயி பிராசசரை வாங்கியாரேன்" என்று கூவினாள்.

வேடிக்கையைக் கேளுங்கள், வெள்ளை என்று சொன்ன அதே தெரு இப்போது மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. சிங்கராஜா அவள் கொண்டைப் பூவைக் காட்டினார். "பூ செவப்புத்தானம்மா? அப்ப அம்மா கேட்டதே இதைத்தான். சாமி வாக்கை மாத்த நீ யாரு? போட்டது போட்டதாவே இருக்கட்டும்."

"அண்ணாச்சி, அந்தப் புள்ள செத்துரும்."

"நர்சம்மா சொன்னா ஆச்சா? பாப்போம், தை வரைக்கும் பாப்போம்." அவர் சொல்லும்போதே கண்ணைத் தாழ்த்திக்கொண்டதை இப்போது எல்லாருமே பார்க்க முடிந்தது. அதையும் பார்த்துக்கொண்டு பத்திருபது பேர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். கெட்டவர்கள் இல்லை, மகள் முகத்தையும் மலையையும் இப்போதுதான் திரும்பக் கண்டவர்கள்.

செண்பகம் கொண்டையிலிருந்து பூவைப் பிடுங்கிக் கோயில் பக்கம் எறிந்தாள். "அம்மன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். வழி விடுங்க." யாரும் நகரவில்லை. அப்போது சோலையப்பன் வாசலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, தள்ளுவண்டியின் கைப்பிடியில் கை வைத்தான்.

"வண்டிய நான் எடுக்குறேன்" என்றான். அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் ஒவ்வொருத்தராக ஒதுங்கினார்கள், சிங்கராஜாதான் கடைசியாக ஒதுங்கினார், ஒதுங்கிய கையோடு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். குருவம்மா ஓடிவந்து மறுபக்கம் பிடித்தாள். கம்பம் வரைக்கும் மூணு பேரும் தள்ளிக்கொண்டு போனார்கள், நடுவில் இரண்டு தரம் தெரு திக்கியது, இரண்டு தரமும் செண்பகம் பல்லைக் கடித்தாள்.

"வளைவுல ஆரன் அடிச்சுப் போ" என்று சோலையப்பன் சிரித்தான். அவள் கம்பத்தைத் தாண்டிச் சுவிட்சை அமுக்கினாள். சிரிப்பும் கண்ணோரம் கிளம்பிய தண்ணீரும் அந்த முகத்தில் அப்படியே நின்றன.

பீர் முகமது புதுக் கார்டைக் கழற்றிவிட்டுப் பழைய கார்டையே மாட்டினார், பிராசசரை மாற்றி, பசை தடவி, காற்றாடியை மேலே வைத்துத் திருகினார். மூணு மணிக்கு அவள் கம்பத்தடிக்குத் திரும்பி வந்து பேட்டரியை இணைத்தாள். சுவிட்சில் விரலை வைத்தாள். அமுக்கவில்லை.

அவள் விரலுக்குக் கீழே எல்லாம் இருந்தது. அமுக்காமல் விட்டால் அவன் அங்கேயே, ஒரு எட்டு தூரத்தில், சிரித்தபடி நிற்பான். நாளைக்கும் நிற்பான், அவள் செத்த பிற்பாடும் நிற்பான். தினம் வந்து பார்க்கலாம், குடை பிடிக்கலாம். இதற்குப் பேர் சாவு இல்லையே என்று ஒரு மனசு கேட்டது. பின்னால் பஸ் போனது, டூவீலர்கள் போயின, நிற்கிற தெருவைப் பார்த்துப் பழகிப்போன ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கன்னத்து எலும்பில் வந்து நின்ற அந்தத் தண்ணீரைப் பார்த்தாள், நெஞ்சருகே சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தாள். சிரிக்கும்போதே அந்தக் கை அங்கே போயிருக்கிறது. ஆணி இறங்கிக்கொண்டுதான் நிற்கிறது. அடப் பாவமே, ஒரு மணி நேரமாக அவனை இந்த வலியில் நிறுத்திவைத்துக்கொண்டு நான் யோசிக்கிறேனே என்று அவளுக்கு ஓங்கி அழுகை வந்தது. "போதும்ங்க" என்றாள். அமுக்கினாள்.

தெரு கிளம்பியது. குலுக்கல் இல்லை. பதினெட்டுத் தறியும் ஒரே ஓட்டமாக ஓடின, மலை மறுபடி சாம்பலுக்குள் போனது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எதிர்வீட்டிலிருந்து முத்துச்செல்வியின் முதல் அலறல் கேட்டது, நிற்காமல், முழுசாக, அலறி முடிகிற வரைக்கும் கேட்டது. குருவம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். யாரோ நர்சம்மாவுக்குப் போன் போட்டார்கள்.

சோலையப்பன் அன்று லாரி ஓட்டவில்லை. திண்டுத் தலையணையை வைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான், செண்பகம் அவன் முகம் தெரியவேண்டும் என்று ஒரு முழத்துக்குள் ஒட்டி உட்கார்ந்தாள். ரசம் கேட்டான், நாலு வாய் குடித்தான். வலிக்குதா என்று கேட்டாள். "வருது, போயிருது. போயிருதுல்ல" என்றான், ஆசையாகச் சொன்னான். வெயில் இறங்குகிற நேரத்துக்கு எதிர்வீட்டில் குழந்தை வீறிட்டது. "பொம்பளப் புள்ள" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"ஆரன் அப்படி அடிக்குது" என்று சொல்லிவிட்டு அவன் மூச்சை இழுத்தான். இழுத்த மூச்சு வெளியே வந்தது. அடுத்ததை அவன் இழுக்கவில்லை.

செண்பகம் பதறவில்லை. எட்டு மாசப் பழக்கம், தெரு திக்கியிருக்கிறது, இப்போது கிளம்பிவிடும் என்று அவன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். வெளியே தறி ஓடியது, குழந்தை அழுதது, யாரோ யாரையோ வெந்நீர் கொண்டுவரச் சொன்னார்கள், எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது.